ஊரில் இல்லாத பண்டிகைகள்

வணக்கம் சார்,
என் மகளுக்கு 11 வயது. காலண்டரில் மார்ச் 14 பை (π) தினம், 20 குருவி தினம், 30 இட்லி தினம் என்று எழுதி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொண்டாட வேண்டும் என்கிறாள். "ஊர்ல இல்லாத பண்டிகை" என்று மாமியார் கோபப்படுகிறார். தடுக்கலாமா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

அன்புள்ள சகோதரி,

தடுக்காதீர்கள். இட்லி தினம் நம் ஊர்ப் பண்டிகைதான். சென்னையில் இட்லித் தொழில் செய்த இனியவன் 2015-ல் தொடங்கியது. மெட்ராஸ் டேயும் அப்படித்தான், 1639 ஆகஸ்ட் 22-ல் இந்த நிலம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனதை நினைவில் வைத்து 2004-ல் சிலர் கூடித் தொடங்கினார்கள், இப்போது ஆகஸ்ட் வந்தால் ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர் என்று பழைய தெருக்களைப் பார்க்கக் கூட்டமாக நடக்கிறார்கள்.

எனக்கு நெருக்கமான நாள் ஆகஸ்ட் 13, இடதுகைக்காரர் தினம். 1976-லிருந்து இருக்கிறது. என் தங்கை இடதுகைக்காரி. நொட்டாங்கை, பீச்சாங்கை என்று சொல்லியே வளர்த்தோம், நானும் சொல்லியிருக்கிறேன், பள்ளியில் விரல் முட்டியில் அடி, வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அடி. அவள் தையல் தொழிலுக்குப் போய் இருபது வருஷம் கழித்து ஒரு ஆகஸ்ட் 13 அன்று இடதுகைக் கத்தரிக்கோல் ஒன்று தேடி வாங்கிக் கொடுத்தேன். துணியில் வைத்து ஒரு முழம் வெட்டினாள், ஒன்றும் பேசவில்லை, மறுபடி வெட்டினாள். சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் மேல் அலகு வெட்டுகிற கோட்டையே மறைத்துவிடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த வருஷம் ஆயுத பூஜையில் முதல் பொட்டு அதற்குத்தான். கத்தரிக்கோலுக்கும் ஆட்டோவுக்கும் சந்தனம் வைக்கிற நாம் இட்லிக்கு ஒரு நாள் கொடுத்தால் என்ன?

ஆனால் ஒரு நாளுக்கு ஒரு வேலை என்று மகளிடம் சொல்லிவிடுங்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பது வேலையில் சேராது. குருவி தினத்தன்று மொட்டை மாடியில் தண்ணீர் வைத்தால் வெயில் தணியும்வரை தினமும் நிரப்புவது அவள் பொறுப்பு. பை தினத்துக்கு நூலும் ஸ்கேலும் போதும்: தட்டு, தோசைக்கல், டபரா எல்லாவற்றின் சுற்றளவையும் அளந்து விட்டத்தால் வகுக்கட்டும், எல்லாம் 3.14-ஐ ஒட்டியே வந்து நிற்கும், அதுதான் பை.

அப்புறம், மார்ச் 29 அன்று மாவு அரைக்கிற வேலையை மாமியார் பேத்தியிடம் கொடுக்கட்டும். உளுந்து பதம், அரிசி பதம், எவ்வளவு உப்பு, இதையெல்லாம் கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து அவர்தான் சொல்லித்தர வேண்டும்.