சவுக்குத் தோப்புக்கு யூரியா எதற்கு?

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் மகள், அங்குள்ள காடுகளில் தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் மரத்தின் வேர் குறைகிறது என்கிறாள். உரம் போட்டால் வேர் பெருகும் என்றுதானே நினைத்திருந்தோம்? எங்கள் சவுக்குத் தோப்புக்குக் கன்று நட்டதிலிருந்து யூரியா போடுகிறோம். நிறுத்திவிடலாமா ஐயா?
- ஒரு வாசகர், வேதாரண்யம்

பதில்: மகள் சொல்வது பெரும்பாலும் சரி. வாசலுக்கே காய்கறி வண்டி வந்து நின்றால் சந்தைக்கு யார் நடப்பார்கள்? 2 மில்லிமீட்டருக்கும் மெலிந்த சல்லிவேர்களை வளர்க்க, இலையில் செய்த சர்க்கரையை மரம் செலவழித்தாக வேண்டும். தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் அந்தச் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. எல்லாக் காட்டிலும் இப்படி என்றில்லை, பல சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

அந்தக் காடுகளுக்கு யாரும் மூட்டை சுமந்துபோய்க் கொட்டுவதில்லை. வண்டிப் புகையிலும் மாட்டுப்பண்ணை அம்மோனியாவிலும் உள்ள தழைச்சத்து மழையோடு இறங்குகிறது. இது என்ன செய்கிறது என்று பார்க்க, மாசசூசெட்ஸில் உள்ள ஹார்வர்டு காட்டில் 1988-இல் வேண்டுமென்றே உரம் போட ஆரம்பித்தார்கள். அதிகபட்ச அளவு ஹெக்டேருக்கு வருஷத்துக்கு 150 கிலோ தழைச்சத்து. நம் கணக்கில் ஏக்கருக்கு 45 கிலோ யூரியா மூட்டை ஏறக்குறைய மூன்று. சம்பாவுக்கு நாம் போடுவதுதான்! ஆனால் நெல்லை அறுத்து வெளியே கொண்டுபோய்விடுகிறோம், காட்டில் போட்ட சத்து வருஷா வருஷம் சேர்கிறது. அங்கே பைன் மரங்கள் நிறையப் பட்டுப்போயின. ஓக் தாங்கியது.

என்னைக் கேட்டால், வேரைவிடப் பூஞ்சைதான் பெரிய விஷயம். பைன், ஓக் மரங்களின் வேர்நுனியைப் பூஞ்சை உறையாக மூடியிருக்கும். மண்ணிலிருந்து சத்தையும் நீரையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, மரத்திடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். தழைச்சத்து மிஞ்சினால் மரம் அந்தச் சர்க்கரையைக் குறைத்துவிடுகிறது, பூஞ்சையும் மெலிகிறது. போதாக்குறைக்கு மண் புளித்து, சுண்ணாம்பும் மக்னீசியமும் கரைந்து போய், அலுமினியம் வெளிப்பட்டு வேர்நுனியைக் கெடுக்கும்.

சரி, உங்கள் சவுக்குக்கு வருவோம். அதன் வேர்முடிச்சுகளில் இருக்கும் பிராங்கியா என்ற நுண்ணுயிரி காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. மண்ணில் தழைச்சத்து மிகுந்தால் முடிச்சு குறைந்துபோகும். மரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் களைக்கொட்டால் மணலைக் கிளறி, கிடைக்கும் வேரை வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் கொத்துக்கொத்தாக முடிச்சு இருக்கும், அதன் நுனிகளிலிருந்து மெல்லிய வேர்கள் மேல்நோக்கிக் கிளம்பியிருக்கும். இருந்தால் யூரியாவை நிறுத்துங்கள். கன்றாக இருக்கும்போது கொஞ்சம் கொடுத்ததில் தப்பில்லை. முடிச்சே காணோம் என்றால், அடுத்த முறை நல்ல தோப்பிலிருந்து முடிச்சு கொண்டுவந்து நசுக்கி, நாற்றங்காலில் கலந்துவிடுங்கள். மண்ணைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் மணிச்சத்து கொடுங்கள், முடிச்சுக்கு அது உதவும்.

இதைப் படித்துவிட்டுத் தென்னைக்கும் நிறுத்திவிடாதீர்கள். அதற்கு அந்த முடிச்சு கிடையாது. காய்க்கிற மரத்துக்கு வருஷத்துக்கு 1.3 கிலோ யூரியாவும் தலா 2 கிலோ சூப்பர் பாஸ்பேட்டும் பொட்டாஷும் இரண்டு தவணையாக வழக்கம்போல் போடுங்கள்.