வெள்ளிக் குழாய் ஏற்றும்போது மணி வெடிக்கிறதா? கையைக் குறை சொல்லாதீர்கள்

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டின் பின்பக்கம் காஸ் ஊதுகுழல் வைத்துக் கண்ணாடி மணி செய்கிறார், சீசனில் நிலாவெளிப் பக்கம் வரும் வெளிநாட்டவருக்கு விற்கிறார். கைச்சங்கிலியில் கோர்க்கும் பெரிய துளை மணிக்கு உள்ளே வெள்ளிக் குழாய் வைத்துக் கேட்கிறார்களாம். குழாயை உள்ளே விட்டு இரண்டு முனையையும் தட்டி விரிக்கும்போது சில மணிகள் வெடிக்கின்றன, சிலவற்றில் கண்ணாடி தப்பி வெள்ளி கிழிகிறது. "என் கை பாரமா, கண்ணாடி சரியில்லையா? குழாய் கொண்டுவந்து தருபவர், தட்டாமல் பசை வைத்து ஒட்டிவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்கிறார். ஒட்டலாமா?" என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: ஒட்ட வேண்டாம். வழுவழுப்பான கண்ணாடியிலும் வெள்ளியிலும் பசை அரைகுறையாகத்தான் பிடிக்கும். வியர்வை, கடல் தண்ணீர், ஹோட்டல் நீச்சல் குளம் எல்லாம் பட்டுப் பசை விட்டுக் குழாய் கழன்றால், வாங்கியவர் பசை சொன்ன ஆளைத் தேடி வரமாட்டார், உங்களைத்தான் தேடி வருவார். அதோடு, குழாய் விற்கிற ஒருவர் அதை விரிக்காமல் ஒட்டச் சொல்கிறார் என்றால், விரித்தால் தாங்காது என்று அவருக்கே தெரியும் என்றுதான் நான் நினைப்பேன்.

கையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சுத்தியலைத் தூக்குவதற்கு முன்பே பாதிக் கதை குழாயில் முடிந்துவிடுகிறது. கிழிந்த ஒரு முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரம் சுற்றிவரப் பல இடத்தில் செவ்வரத்தம் பூ மாதிரிப் பிளந்திருந்தால் வெள்ளி கடினமாக இருந்திருக்கிறது, அதைச் சுட்டு இளக்காமல் விரித்திருக்கிறீர்கள். அப்படியில்லாமல் ஒரே ஒரு இடத்தில், நேர்கோடாக, எல்லா மணியிலும் அதே மாதிரிக் கிழிந்திருந்தால் அது பொருத்துக் குழாய். வெள்ளித் தகட்டை உருட்டி, விளிம்பு இரண்டையும் பற்றவைத்து, அச்சில் இழுத்து மினுக்கியிருப்பார்கள். வெளியே பார்த்தால் பொருத்து இருந்த அடையாளமே தெரியாது. உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தால் நூல் பிடித்தது போல ஒரு கோடு ஓடும். சங்கிலி இணைப்புக்கும் தோட்டுக்கும் அந்தக் குழாய் தாராளமாகப் போதும், முனை விரிக்கிற வேலைக்கு ஆகாது. பொருத்தில்லாத குழாய் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டதற்கு "எல்லாம் ஒன்றுதான் தங்கச்சி" என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது, அது வெள்ளிதானா? 925, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, என்று குத்தியிருக்கிறது என்று சொல்லாதீர்கள். அந்த முத்திரை ஆணியைக் காசு கொடுத்து யாரும் வாங்கலாம், எதிலும் குத்தலாம், இந்தச் சின்னச் சாமானை எடுத்து வைத்துச் சோதித்துப் பார்க்க யாருக்கும் நேரமுமில்லை அக்கறையுமில்லை. ஜெர்மன் சில்வர் என்று விற்பதில் ஒரு துளி வெள்ளியும் கிடையாது, அது செம்பு, நிக்கல், நாகம் கலந்த உலோகம். நிக்கல் சிலருக்குத் தோலில் ஒவ்வாமையும் கொடுக்கும். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, ஆகவே வெள்ளி என்று ஒரு வீரவசனம் பேசுவார்கள். ஜெர்மன் சில்வரும் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது. உரைகல்லில் உரசினாலும் மேற்பூச்சு மட்டும்தான் உரசுப்படும். அரத்தால் ஒரு முனையை ஆழமாக ராவிவிட்டு, உள்நிறம் பார்த்து, பிறகு உரசச் சொல்லுங்கள்.

அதைவிட நம்பகமானது தராசு. வெளி விட்டம் 5 மி.மீ., சுவர்த் தடிப்பு 0.4 மி.மீ. உள்ள குழாய் 10 செ.மீ. நீளம் இருந்தால் 925 வெள்ளியில் ஏறக்குறைய 6 கிராம் நிறுக்கும். அதே அளவு ஜெர்மன் சில்வர் 5 கிராம்தான் வரும். தடிப்பை அளக்கக் கருவி இல்லையென்றால் குழாயை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுவதும் அமிழத் தொங்கவிட்டு ஒருமுறை நிறுங்கள், உள்ளே காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. வெளியில் நிறுத்த எடையை, தண்ணீரில் எவ்வளவு எடை குறைந்ததோ அந்த அளவால் வகுத்தால் 10.3 அளவில் வர வேண்டும். 8.7 வந்தால் அதை அவரிடமே திருப்பிக் கொடுத்து, இந்தக் கணக்கையும் சொல்லிவிட்டு வாருங்கள். நகைக்கடைக்காரரிடம் இருக்கும் சின்ன மின்தராசு போதும், இதற்காகக் கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

சரி, நல்ல குழாய் கிடைத்துவிட்டது. மணியின் நீளத்தோடு இரண்டு பக்கமும் ஒன்றரை மி.மீ. அளவு கூட வைத்துச் சிறிய நகை வாளால் வெட்டுங்கள். பிளம்பர் குழாய் வெட்டியால் வெட்டினால் முனை உள்ளே மடியும். வெட்டிய பிசிரை உள்ளும் புறமும் அரத்தால் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் கிழிசல் அந்தப் பிசிரில்தான் தொடங்கும். கூட நீளம் விட்டால் கூடப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம், ஓரம் எவ்வளவு அகலமாக விரிகிறதோ அவ்வளவு கிழியும்.

இனி இளக்குவது. பெர்மனென்ட் மார்க்கரால் குழாயில் ஒரு கோடு போட்டு, மங்கலான வெளிச்சத்தில் சுடுங்கள். கோடு மறைந்து, வெள்ளி இலேசாகச் சிவக்கத் தொடங்கும்போது நிறுத்தித் தண்ணீரில் போடலாம். அதற்கு மேல் போனால் கெதியாக உருகிவிடும். இதைக் குழாய் தனியாக இருக்கும்போதுதான் செய்ய வேண்டும். மணிக்குள் விட்ட பிறகு ஊதுகுழல் பக்கமே போகாதீர்கள். சூட்டில் வெள்ளி கண்ணாடியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், மணி நிச்சயம் வெடிக்கும்.

இப்போது கண்ணாடி. மணியைச் சூளையில் ஆறவைத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததால் சூளை இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன், பெரும்பாலானோரிடம் இல்லை. சுயதொழில் பயிற்சி என்று கூப்பிட்டு, ஊதுகுழல் ஒன்றைக் கையில் கொடுத்து, சான்றிதழோடு படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். சூளை இல்லாமல் செய்த மணி உள்ளுக்குள் இழுவிசையோடு இருக்கும், இன்றைக்கோ ஆறு மாதம் கழித்தோ தானாகவே வெடிக்கலாம் என்று சொல்லித்தர அங்கே ஒருவரும் இல்லை, சொன்னால் சூளை வாங்கித்தர வேண்டி வருமே! சாம்பலுக்குள் புதைப்பதும் சூடான மணலுக்குள் வைப்பதும் ஆறும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான், அந்த இழுவிசையை எடுக்காது. சாதாரண மென்கண்ணாடியை 515 பாகை செல்சியஸ் அளவில் பிடித்து வைத்து, பிறகு மெல்ல மெல்ல இறக்க வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்தாவது மின்சூளை ஒன்று வாங்குங்கள். ஆறிய மணியைப் பிறகு மொத்தமாகப் போட்டும் சுடலாம், குளிர்ந்த சூளையில் வைத்து மெதுவாக ஏற்றினால் சரி.

துளையைப் பாருங்கள். வாய் இரண்டும் உள்நோக்கிக் குழிந்து வழுவழுப்பாக இருக்க வேண்டும். விளிம்பு கூர்மையாக இருந்தால் விரியும் வெள்ளி அந்தக் கூரில் அழுத்தி, கண்ணாடி சில்லாகத் தெறிக்கும். கண்ணாடி கம்பியில் ஒட்டாமலிருக்கப் பூசி, துளைக்குள் ஒட்டியிருக்கும் களிமண் பூச்சைத் தண்ணீருக்குள் வைத்தே வைர ராவியால் எடுங்கள், அந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாது. குழாய் கையால் விட்டதும் தானாக இறங்க வேண்டும், ஆனால் லொடலொடவென்று ஆடக் கூடாது. இறுக்கமாகத் திணித்த குழாய் விரியும்போது கண்ணாடியை உள்ளிருந்து வெளியே தள்ளும். கண்ணாடி நெரிப்பைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது.

சுத்தியலையும் கொஞ்ச நாள் எடுத்து வையுங்கள். சைக்கிள் பின்சக்கரத்தில் இருக்கும் கால் அங்குல பெயாரிங் குண்டு இரண்டு வாங்கி, மணியின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்றாக வைத்து, வைஸில் பிடித்துக் கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விரியும். ஓரம் சாயத் தொடங்கியதும் குண்டை மாற்றி 10, 12 மி.மீ. குண்டு வையுங்கள், ஓரம் வடிவாகப் படிந்து கண்ணாடியைத் தொடும். தொட்டதும் நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் என்று திருப்புகிற அந்தக் கடைசிச் சுற்றில்தான் மணி போகிறது.

ஒரே ஒரு விலக்கு, உள்ளே வெறுமையாக ஊதிய பொள்ளல் மணி. இதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பெரிய மணிக்கு நல்ல விலை என்று யாராவது உங்களைக் கிளப்பிவிடுவார்கள். பொள்ளல் மணியில் குழாயின் நடுப்பகுதிக்குத் துணையாகக் கண்ணாடியே இல்லை, வாய் இரண்டில் மட்டும்தான் பிடிப்பு. அதனால் அழுத்தும்போது குழாய் நடுவில் வளையலாம், வளையாவிட்டால் பாரம் முழுவதும் அந்த மெல்லிய வாய்க்கு வரும். மணியை மூடும்போதே வாயோரத்தைத் தடிப்பாக விட்டிருந்தால் செய்யலாம். இல்லையென்றால் 999 தூய வெள்ளிக் குழாய் எடுத்து, அது 925-ஐ விட மென்மை, வைஸில் மட்டும் மெதுவாகச் செய்து பார்க்கலாம். அதற்கும் முன்னால், மணியைக் கழுவிய தண்ணீர் உள்ளே போயிருக்கும், கலங்கிய களிமண்ணும் சேர்ந்து. நன்றாக அலசி, நாள் கணக்கில் காயவைத்து, ஒளியில் பிடித்து உள்ளே ஈரம் இல்லை என்று பார்த்த பிறகே குழாயை ஏற்றுங்கள். ஏற்றிய பின் உள்ளே ஈரம் படிந்து மங்கினால் மணியை உடைக்காமல் துடைக்க வழியில்லை. தடிப்பான வாய் இல்லை, தூய வெள்ளியும் இல்லை என்றால் குழாயே போடாமல் விற்றுவிடுங்கள், குழாய் இல்லாத நல்ல மணிக்கும் ஆள் உண்டு.

விலை போடும்போது வெள்ளியைக் கணக்கில் சேருங்கள். 12 மி.மீ. மணி ஒன்றுக்கு மேலே சொன்ன 5 மி.மீ. குழாயில் 15 மி.மீ. போகும், அது 0.9 கிராம். வெடித்த மணிகளையும் எறிய வேண்டாம். துணியில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுத் தட்டி உடைத்து வெள்ளியை எடுத்துச் சேர்த்து வையுங்கள். ஒட்டியிருக்கும் கண்ணாடித் துகளைச் சுத்தமாக எடுத்த பிறகே நகைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் கழிவு என்று சொல்லி எடையில் கைவைப்பார்கள். நிறுக்கும்போது பக்கத்தில் நின்று தராசைப் பாருங்கள்.