கப்பல் ஏற ரயிலில் போகலாமா? தனியாகப் பயணிப்பவருக்கு ஒரு பதில்

கேள்வி: அடுத்த மாதம் ரோமிலிருந்து ஏழு நாள் சொகுசுக் கப்பல் பயணம். தனியாகத்தான் போகிறேன். ஒரே ஆள் என்பதால் கேபினுக்கு ஏறக்குறைய இரண்டு பேர் காசு வாங்கிவிட்டார்கள். விமான நிலையத்திலிருந்து துறைமுகத்துக்கு டாக்ஸி வைத்தால் அது வேறு தண்டச் செலவு. ரயிலில் போனால் சமாளிக்க முடியுமா? கப்பல் மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது.

பதில்: தாராளமாக முடியும். ஆனால் ஒன்றை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கப்பல் ரோமில் நிற்கவில்லை. சுமார் 70 கி.மீ. தள்ளி, சிவிட்டாவெக்கியா என்ற ஊரில் நிற்கிறது. கப்பல் கம்பெனிகள் விளம்பரத்தில் பெரிய ஊரின் பெயரைத்தான் போடும். ‘பாரிஸ்’ என்றால் லெ ஹாவ்ர், ‘பெர்லின்’ என்றால் வார்னமுண்டே, ‘வெனிஸ்’ என்று போட்டிருந்தால் சில சமயம் ரவென்னா. அதனால் எந்தப் பயணமானாலும் டிக்கெட்டில் துறைமுகத்தின் பெயரையும் முனையத்தின் பெயரையும் தேடிப் பாருங்கள். சவுத்தாம்ப்டனில் மட்டும் ஐந்து முனையங்கள் இருக்கின்றன. தப்பான ஒன்றில் போய் இறங்கினால் மிச்சம் பிடித்த காசு அங்கேயே கரைந்துவிடும்.

சரி, வழிக்கு வருவோம். ரோமின் ஃபியூமிச்சினோ விமான நிலையத்தில் எல்லார் கண்ணிலும் முதலில் படுவது லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில். 14 யூரோ, நேராக டெர்மினி என்ற ரோமின் பெரிய ஸ்டேஷன். உங்களுக்கு அது வேண்டாம். அதே விமான நிலையத்திலிருந்து கிளம்பும் எஃப்எல்1 என்ற சாதாரண ரயிலில் ஏறி, அரை மணி நேரத்தில் ட்ரஸ்தேவெரே ஸ்டேஷனில் இறங்குங்கள். 8 யூரோ. அங்கேயே எஃப்எல்5 பிடித்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சிவிட்டாவெக்கியா. அதற்கு 5 யூரோவுக்குள்தான். டெர்மினிக்குப் போகவே தேவையில்லை. அங்கே எஃப்எல்5 கிளம்பும் பிளாட்பாரங்கள் ஒரு கோடியில் இருக்கின்றன. பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தால் பத்து நிமிடம் போய்விடும், கூட்டத்தில் பிக்பாக்கெட் பயம் வேறு.

ட்ரஸ்தேவெரேயில் ஏறும்போது பலகையில் கடைசி ஸ்டேஷன் பெயரைப் பாருங்கள். எஃப்எல்5 ரயில்கள் எல்லாமே சிவிட்டாவெக்கியா வரை போவதில்லை. சில லாடிஸ்போலியோடு நின்றுவிடும். முதல் தடவை நான் எண்ணை மட்டும் பார்த்து ஏறி உட்கார்ந்தேன். லாடிஸ்போலியில் எல்லாரும் இறங்க, பெட்டியில் நான் ஒருவன் மட்டும். ஏதோ இத்தாலிய மொழியில் அறிவித்தார்கள். கடைசியில் ஒரு பாட்டி ஜன்னலைத் தட்டி, இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அடுத்த ரயில் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவிட்டாவெக்கியா, க்ரோசேட்டோ, பீசா என்று போட்டிருந்தால் தைரியமாக ஏறலாம்.

இந்தச் சாதாரண ரயில்களில் சீட் ரிசர்வேஷன் கிடையாது, முன்கூட்டியே வாங்கினாலும் விலை குறையாது. அதனால் அவசரப்பட்டு வாங்கி வைக்க வேண்டாம். ஆனால் காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் உள்ள சிறிய இயந்திரத்தில் அதைச் செருகி முத்திரை குத்த வேண்டும். மறந்தால், டிக்கெட் கையில் இருந்தும் அபராதம். போனில் வாங்கியிருந்தால் ஏறுமுன் அதில் போட்டிருக்கும் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் பரிசோதகரிடம் ‘நான் வெளியூர், தெரியாது’ என்று சொல்லிப் பார்த்த பலரை எனக்குத் தெரியும். பலித்தது ரொம்பக் குறைவு.

இதுவரை எல்லாம் சுலபம். ஆட்கள் தடுமாறுவது கடைசி இரண்டு கி.மீ.யில். சிவிட்டாவெக்கியா ஸ்டேஷனிலிருந்து துறைமுகம் கிட்டத்தான். வெளியே வந்து வலப்பக்கம் திரும்பினால், கடல் இடக்கைப் பக்கமாக வர, கால் மணி நேரத்தில் மைக்கேலேஞ்சலோ கோட்டை தெரியும். கப்பலும் தெரியும். தெரிகிறதே என்று நேராக நடக்காதீர்கள். துறைமுகம் மிக நீளமானது, உங்கள் கப்பல் அதன் அந்தக் கோடியில் நிற்கலாம். லார்கோ டெல்லா பாச்சே என்ற இடத்துக்குப் போங்கள். ஸ்டேஷன் வாசலிலிருந்தே அங்கே பஸ் உண்டு. அங்கிருந்து கப்பல் வரை துறைமுக பஸ் இலவசம். ரயில் செலவு மொத்தம் 13 யூரோவை ஒட்டி வரும். டாக்ஸி நூறைத் தாண்டும், அதைப் பங்கு போட உங்களோடு ஆளும் இல்லை.

ஆனால் விமான நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையே கப்பல் கம்பெனி காசு வாங்கிக்கொண்டு விடும் பஸ்ஸுக்கு ஒரு நியாயம் உண்டு. அது வழியில் மாட்டிக்கொண்டால் கம்பெனிக்குத் தகவல் போகும், பெரும்பாலும் காத்திருப்பார்கள். உங்கள் ரயில் தாமதமானால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான். ஆகவே மிச்சம் பிடிப்பதில் ஒரு பகுதியை நேரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 5 மணிக் கப்பல் என்றால் செக்-இன் பொதுவாக ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் முன்பே மூடிவிடும். நீங்கள் 1 மணிக்குத் துறைமுகத்தில் இருக்கப் பாருங்கள். அப்படியானால் ட்ரஸ்தேவெரேயில் 11 மணிக்கு ரயில் ஏற வேண்டும், விமானம் எட்டரைக்குள் தரையிறங்கியிருக்க வேண்டும். அதற்கு மேல் ஆகும் என்றால் முந்தின நாளே வந்துவிடுங்கள். தனியாக வருபவருக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். வத்திக்கான் பக்கத்தில் தங்கினால் சான் பியெத்ரோ ஸ்டேஷனிலேயே எஃப்எல்5 ஏறலாம்.

அப்புறம், ‘ஷோப்பெரோ’. வேலைநிறுத்தம். இத்தாலியில் இது அபூர்வமல்ல, ஆனால் முன்னறிவிப்போடுதான் நடக்கும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு இந்தச் சொல்லோடு உங்கள் தேதியையும் போட்டுத் தேடிப் பாருங்கள். வேலைநாள் என்றால் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை முக்கியமான வட்டார ரயில்களை ஓட்டியாக வேண்டும் என்பது விதி. முந்தின நாளே வந்திருந்தால் காலை வண்டியில் போய்விடலாம். ஞாயிறு, விடுமுறை நாட்களுக்கு இந்த உத்தரவாதம் கிடையாது.

சாமான் விஷயத்தில் ஒரே அளவுகோல்: யார் உதவியும் இல்லாமல் இரண்டு மாடிப் படி தூக்கி ஏற முடிகிற பெட்டி. தனியாகப் போகும்போது ‘கொஞ்சம் பார்த்துக்கோங்க’ என்று சொல்லிவிட்டு டாய்லெட்டுக்குப் போக ஆள் இல்லை. துறைமுகத்தில் பெரிய பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், கேபினுக்கு வர மாலை ஆகலாம். பாஸ்போர்ட், மருந்து, சார்ஜர் மூன்றும் தோள்பையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டு முனையத்தில் கையைப் பிசைந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வரும்போதும் இதே வழிதான், இதைவிட நிதானம் வேண்டும். கப்பல் விடிகாலை வந்துவிட்டாலும் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள், இலவச பஸ்ஸுக்கு வரிசை நீளும். பெட்டியை முந்தின இரவு கேபினுக்கு வெளியே வைக்காமல் நீங்களே தூக்கிக்கொண்டு இறங்குவதாகச் சொல்லிவிட்டால் முதல் ஆட்களோடு வெளியே வரலாம். அப்படியும் மதியம் 1 மணிக்கு முன்னால் கிளம்பும் விமானத்தில் டிக்கெட் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், அந்த ஒரு நாள் மட்டும் கப்பல் கம்பெனி பஸ்ஸுக்குக் காசு கட்டிவிடுங்கள்.