கார்பமாசெபின் தொடங்கிய பிறகு தடிப்பு: இன்றே போங்கள்

வலிப்புக்குக் கார்பமாசெபின் தொடங்கி மூன்றாவது வாரத்தில் தம்பிக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, உதட்டுக்குள் புண் என்று எழுதியிருக்கிறீர்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள். மாத்திரை அட்டையோடு இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அடுத்த வேளை மாத்திரை வேண்டாம். வலிப்புக்கு மாற்று மருந்தை அவர்களே தருவார்கள். தடிப்போடு வாய்ப்புண்ணும் சேர்ந்தால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி என்ற கடுமையான மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். கண் சிவக்கும், தோல் கொப்பளித்து உரியும். உயிருக்கே ஆபத்து.

நண்பருக்கு இதே மாத்திரை ஒத்துக்கொண்டதே என்கிறீர்கள். சரிதான், ஆனால் எச்.எல்.ஏ-பி*1502 என்ற மரபணு வகை இருப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. தைவான் ஆய்வாளர்கள் 2004-இல் இதைக் கண்டார்கள். ஹான் சீனர், தாய்லாந்து மக்களிடம் அதிகம், ஐரோப்பியரிடம் மிக அரிது. அப்புறம், ஃபெனிடாய்ன், ஆக்ஸ்கார்பசெபின் என்ற வேறு வலிப்பு மருந்துகளும் இதே தொல்லை தரலாம். மாற்று மருந்து எழுதும்போது அது இவற்றில் ஒன்றா என்று மறக்காமல் கேளுங்கள்.