கோட்டாற்றில் பழைய ஓட்டுக் கிட்டங்கியை இடித்துவிட்டுப் பசுமை அலுவலகம் கட்டலாமா?

நாகர்கோவில் கோட்டாற்றில் கம்போளம் என்னும் சந்தைப் பக்கம் தாத்தா காலத்துக் கிட்டங்கி (சரக்குக் கிடங்கு) பூட்டிக் கிடக்கிறது, அந்த இடத்தில் ஒரு கணினி அலுவலகம் வேண்டும், இடித்துப் 'பசுமைக் கட்டடம்' கட்டுவதா அல்லது இருப்பதையே சரிசெய்வதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இடிக்காதீர்கள். சுவர் சாயாமல், அஸ்திவாரம் இறங்காமல் இருந்தால் இரண்டாவது யோசனையே வேண்டாம். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. அதிலும் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல் வேகும்போது கல்லிலிருந்தே கிளம்புவது. சூளையில் எந்த எரிபொருளைப் போட்டாலும் அது குறையாது. நல்ல சுவரை இடித்து அதே இடத்தில் கான்கிரீட் போட்டால், மாடியில் சோலார் வைத்தும் பல வருடம் அந்தக் கரியமில வாயுக் கடனைத்தான் அடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அந்தக் காலத்துச் சுவர் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பியதாக இருக்கும். அது ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசி, பளபள பெயிண்ட் அடித்தால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, பூச்சு பொருபொருவென்று உதிரும். சுண்ணாம்பே பூசுங்கள். அந்த வேலை தெரிந்த கொத்தனார் இன்னும் கிடைக்கிறார்கள், கொஞ்சம் தேட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது வெயில். வடக்கு ஜன்னலில் வெயில் விழாது என்று பொதுவாகச் சொல்வார்கள். நாகர்கோவில் 8 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் நமக்கு அது பொருந்தாது. பங்குனிக் கடைசியிலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். வடக்குக்கும் சன்ஷேடு கட்டாயம். மேற்குதான் பெரிய சிக்கல். ஆனி, ஆடிக் காற்று வருவது அங்கிருந்து, சாயங்கால வெயில் வருவதும் அங்கிருந்து. கண்ணாடி போட்டால் காற்று போச்சு, திறந்து விட்டால் வெயில் மேசைக்கே வந்துவிடும்.

இதற்கான விடை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனையில் மந்திரசாலை மாடிக்கு ஒருமுறை ஏறிப் பாருங்கள். மன்னர் அமைச்சர்களோடு ஆலோசனை செய்த இடம், அதுவும் ஒரு அலுவலகம்தானே! சாய்வாக அடுக்கிய மரச்சட்டங்கள் வழியாகக் காற்று தாராளமாக வரும். வெளிச்சமோ நேராகக் கண்ணில் குத்தாமல் தணிந்து பரவும். நாளெல்லாம் கணினித் திரையைப் பார்க்கிறவர்களுக்கு வேண்டியது அந்த வெளிச்சம்தான். உங்கள் மேற்குச் சுவரில் அதே மாதிரி சட்டம் வையுங்கள். இன்றைக்கு ரோட்டோரம் நீலக் கண்ணாடி போர்த்தி எழும்பும் கட்டடங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. நாள் முழுக்க ஏசி ஓடினால்தான் அதற்குள் உட்கார முடியும்.

உங்களுக்கு ஏசி, மீட்டிங் அறைக்கும் சர்வர் அறைக்கும் போதும். அந்த இரண்டை மட்டும் இடைவெளி இல்லாமல் அடைத்துவிட்டு, மற்ற இடத்தில் மின்விசிறி போடுங்கள். முகட்டில் சூடு வெளியேற வழி விடுங்கள். கண்ணாடி ஓடு நாலைந்துக்கு மேல் வேண்டாம். இடம் பத்தாமல் மச்சு போடுவதானால், தனித் தூண் நிறுத்தி இரும்பில் போடுங்கள், பழைய சுவரில் பாரம் ஏற்றாதீர்கள். கடற்காற்றில் உப்பு இருப்பதால் துத்தநாகம் பூசிய இரும்பே நல்லது.

மழைநீரையும் விடாதீர்கள். 100 சதுர மீட்டர் பரப்பில் 1 செ.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கழிவறைக்கும் செடிக்கும் அந்தத் தண்ணீரே போதுமானதாக இருக்கும் மாதங்கள் நிறைய வரும்.

ஓட்டைப் பிரிக்கும் வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களில் எந்த மழை எப்போது பிடிக்கும் என்று நம்ப முடியாது. பிரித்ததும் ஓட்டைத் தாங்கும் ஒவ்வொரு கைமரத்தையும், குறிப்பாகச் சுவருக்குள் போகும் நுனியை, உளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கரையான் முதலில் பிடிக்கும் இடம் அதுதான். நுனி மட்டும் போயிருந்தால் ஒட்டு வைக்கலாம், முழு மரத்தையும் மாற்றத் தேவையில்லை.