ஓர் அவுன்ஸ் அபினி

அன்புள்ள ஆசிரியருக்கு,

மலாயாச் சீனர்களின் அபினிப் பழக்கம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வெள்ளைக்காரன் விற்றான், கூலிகள் புகைத்தார்கள். சீனச் சமூகம் இதை எதிர்க்கவே இல்லையா?

ம., பினாங்கு

அன்புள்ள ம.,

எதிர்த்தது. அதுவும் உங்கள் ஊரிலேயே. டாக்டர் வூ லியன் தே பினாங்கில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்துத் திரும்பியவர். 1906-ல் ஈப்போவில் கூடிய அபினி எதிர்ப்பு மாநாட்டை ஏற்பாடு செய்தவர் அவர்தான். விரைவிலேயே அவருடைய மருந்தகத்தைச் சோதனை போட்டார்கள். அகப்பட்டது ஓர் அவுன்ஸ் அபினி டிஞ்சர் (சாராயத்தில் கரைத்த அபினி), நோயாளிகளுக்காக வாங்கி வைத்திருந்த மருந்து. உரிமம் இல்லாமல் அபினி வைத்திருந்தார் என்று குற்றம் சாட்டி அபராதம் விதித்தார்கள். அபினியை விற்றே வாழ்ந்த அரசாங்கம் ஒரு மருத்துவரை அபினி வழக்கில் தண்டித்தது! இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. 1908-ல் அவர் சீனாவுக்குப் போய்விட்டார். மஞ்சூரியாவில் பிளேக்கை அடக்கிய அதே வூ லியன் தே தான் இவர்.

விற்று வாழ்ந்தது என்று சொல்வது மிகையல்ல. அந்தக் காலத்தில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் ஏறக்குறைய பாதி அபினியிலிருந்து வந்தது. அபினியைப் புகைப்பதற்கேற்ற சண்டாகக் காய்ச்சி விற்கும் உரிமையை அரசாங்கம் குத்தகைக்கு விட்டது. குத்தகை எடுத்தவர்கள் சீனத் தவுக்கேக்கள், அதாவது முதலாளிகள். அவர்களில் பலருக்கு ஈயச் சுரங்கமும் இருந்தது. முதுகு ஒடிய மண் சுமந்த கூலி, வலி மறக்கச் சண்டு புகைத்தான். வாங்கிய சம்பளம் கொடுத்தவர் கைக்கே திரும்பியது. நம் தமிழர் உழைத்த தோட்டங்களில் கள்ளுக்கடை நடந்த விதம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே ‘சீனச் சமூகம்’ என்று ஒரே சொல்லில் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. வூ லியன் தேயும் சிங்கப்பூரின் டாக்டர் லிம் பூன் கெங்கும் அரசாங்கத்தோடு மட்டும் மோதவில்லை, சொந்த இனத்துச் செல்வந்தர்களோடும் மோதினார்கள். அந்தத் துணிச்சலைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

1910-ல் குத்தகை ஒழிந்தது, அரசாங்கமே கடைக்காரனானது. 1933-ல் டாக்டர் சென் சூ லான் சிங்கப்பூரில் அபினிக்கு அடிமையானவர்களுக்காக ஒரு சிகிச்சை நிலையம் திறந்தபோதும், அரசாங்கக் கடைகளில் சண்டு விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். தடை வந்தது போருக்குப் பின், 1946-ல்.