பிளாஸ்மா டிவி வைத்திருப்பவர்களுக்கு: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் டிவி பழுதுபார்க்கும் வேலையில் என் வயதில் பாதி போயிருக்கிறது. பிளாஸ்மா பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன், நிறைய வந்தன. கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறிக்கிறேன். பதில்களைப் படிக்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். பேனசோனிக் 2013 முடிவில் பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்தியது. சாம்சங்கும் எல்ஜியும் 2014-இல் நிறுத்தின. உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை, அதாவது போர்டு, கெட்டால் பழைய செட்டிலிருந்து கழற்றி மாற்றிவிடலாம். கண்ணாடி பேனல் போனால் டிவியே போனது போலத்தான்.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலிருந்து ஒரு தம்பி: டர்பனில் சித்தப்பா வீட்டில் சத்தமே இல்லாமல் ஓடிய 50 இஞ்ச் செட். இங்கே கொண்டுவந்ததும் ‘ங்ங்ங்’ என்று ரீங்காரம் போடுகிறது. வழியில் கெட்டுவிட்டதா அண்ணா?

கெடவில்லை தம்பி. நீங்கள் மலைமேல் இருக்கிறீர்கள், அதுதான் காரணம். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் டர்பனைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பிளாஸ்மா பேனல் என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள். நடுவில் லட்சக்கணக்கான சின்னச் சின்ன அறைகள், அவற்றுக்குள் நியான், செனான் வாயு. உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால் வெளிக்காற்றுதான் இரண்டு கண்ணாடியையும் இறுக்கி அழுத்தி வைத்திருக்கிறது. மேலே போகப் போக அந்தப் பிடி தளர்கிறது. வாயுவை ஒளிரவைக்க மின்சாரம் வேகவேகமாகத் துடிக்கும்போது கண்ணாடியும் சேர்ந்து அதிர்கிறது. உங்கள் காதில் விழுவது அந்த அதிர்வு.

வெளிச்சமான காட்சியில் சத்தம் கூடுகிறதா, இருண்ட காட்சியில் அடங்குகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் இதுதான். கான்ட்ராஸ்டைக் குறைத்தால் கொஞ்சம் அடங்கும். செட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், சுவரில் பட்டுத் திரும்பிச் சத்தம் பெரிதாகக் கேட்கும். எத்தனை மீட்டர் உயரம் வரை ஓட்டலாம் என்று பல செட்களின் கையேட்டிலேயே போட்டிருப்பார்கள், அதையும் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. உங்கள் பக்கம் கோடையில் மத்தியானம் ஆனால் இடி மின்னல். மேகம் கறுத்ததும் பிளக்கைக் கழற்றுங்கள், டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளையும் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் கழற்றிவிட்டுக் கேபிள் வழியாக டிவியைப் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஃபீனிக்ஸ் அக்கா: சேனல் முத்திரை மூலையில் நிழலாக நிற்கிறது. ஆயா நாள் முழுக்க ஒரே சேனல் பார்ப்பார்கள். போகுமா?

பெரும்பாலும் போகும் அக்கா. நிழலில் இரண்டு வகை. முதல் வகை, கொஞ்ச நேரம் வேறு படம் ஓடினால் மறைந்துவிடும். மற்றது, அந்த இடத்துப் பாஸ்பர் (திரைக்கு வெளிச்சம் தரும் பூச்சு) மற்ற இடங்களைவிட அதிகம் தேய்ந்துபோனது. அது முழுவதுமாகப் போகாது. முதலில் படத்தை ‘ஜூம்’ வைத்து முத்திரையைத் திரைக்கு வெளியே தள்ளுங்கள். பல செட்களில் வெள்ளைப் பட்டை ஓடவிடும் வசதி மெனுவில் இருக்கும், அதைப் போட்டுப் பாருங்கள். அப்புறம் சில நாள் வெவ்வேறு சேனல்களை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். மெனுவில் பட மோடு ‘டைனமிக்’ அல்லது ‘விவிட்’ என்று இருந்தால் ‘சினிமா’வுக்கு மாற்றிவிடுங்கள். கடையின் பளீர் விளக்கில் வாங்குபவர் கண்ணைப் பறிக்கத்தான் அந்த முதலிரண்டும். ஆயாவைச் சேனல் மாற்றச் சொல்லாதீர்கள், வெளிச்சத்தை மட்டும் குறையுங்கள்.

மெரிபேங்க்: லோட் ஷெடிங் (முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது) முடிந்து கரண்ட் வந்த அன்று செட் செத்துவிட்டது. சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டுகிறது.

எத்தனை முறை சிமிட்டி நிறுத்துகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். எந்தப் பகுதியில் கோளாறு என்பதை அந்த எண்ணிக்கை மெக்கானிக்குச் சொல்லும். பெரும்பாலும் பவர் போர்டாக இருக்கும், மாற்றலாம். நீங்களாகப் பின்பக்கத்தைத் திறக்காதீர்கள். பேனலை ஓட்டும் மின்சாரம் 200 வோல்ட் அளவில் இருக்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் கண்டென்சரில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) தங்கியிருக்கும்.

கரண்ட் போவதைவிடத் திரும்பி வரும் நேரம்தான் ஆபத்து. தெரு முழுக்க ஃப்ரிட்ஜ், கீசர் எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும், வோல்டேஜ் ஏறி இறங்கும். கரண்ட் போனதும் சுவர் சுவிட்சை அணையுங்கள். வந்து பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். வோல்டேஜ் திடீரென்று எகிறினால் தடுக்கும் சர்ஜ் பிளக் நல்லதுதான், ஆனால் அணைத்த சுவிட்சுக்கு ஈடாகாது. இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் வீட்டுக் கரண்ட் போலவே சீராகத் தரும் ப்யூர் சைன் வேவ் வகை வேண்டும். 42 இஞ்ச் செட்டே 200 முதல் 300 வாட் வரை இழுக்கும் என்பதால் சின்ன இன்வெர்ட்டர் தாங்காது.

டொங்காட்: தங்கை வீட்டுக்கு பக்கி வண்டியில் (பின்பக்கம் திறந்த சின்னச் சரக்கு வண்டி) கொண்டுபோகிறோம். மெத்தை மேல் படுக்கவைத்தால் போதுமா?

வேண்டாம், வேண்டவே வேண்டாம்! படுக்கவைத்தால் கண்ணாடியின் கனமே அதன் நடுவை வளைக்கும். ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தால் முடிந்தது. வேலை கற்ற புதிதில் நானே ஒரு குடும்பத்தின் செட்டைப் படுக்கவைத்து எடுத்துப்போய் உடைத்தேன். அந்த ‘டக்’ சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நிற்கவைத்து, இரண்டு பக்கமும் மெத்தை கொடுத்து, கயிற்றால் கட்டுங்கள். தூக்க இரண்டு பேர் வேண்டும்.

அதே டொங்காட்: அங்கே சுவரில் மாட்டலாமா?

செங்கல் சுவர் என்றால் சுவருக்குள் விரிந்து பிடிக்கும் ரால் போல்ட் போட்டு மாட்டலாம். 50 இஞ்ச் பிளாஸ்மாவில் பல 30 கிலோவுக்கு மேல் வரும், அதனால் ஜிப்சம் பலகைச் சுவரை நம்பாதீர்கள். சூடு மேலே போக இடம் விடுங்கள். ஜன்னலுக்கு நேர் எதிரே வேண்டாம், கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும்.

வெருலம்: எதைக்கொண்டு துடைப்பது?

அணைத்து, ஆறவிட்டு, உலர்ந்த மைக்ரோ ஃபைபர் துணி. ஜன்னல் துடைக்கும் அம்மோனியா திரவம் கூடாது, திரையின் மேல்பூச்சு உரிந்துவிடும். பின்பக்கத் துளைகளில் தூசி அடைத்திருக்கும், அங்கே மாதம் ஒருமுறை வேக்யூமைக் காட்டுங்கள். கடல் பக்கத்து வீடுகளில் உப்பும் ஈரமும் சேர்வதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: பக்கத்து வீட்டில் பழைய பேனசோனிக் 42 இஞ்ச் சும்மா தருகிறார்கள். வாங்கலாமா?

தாராளமாக. வாங்கும் முன் அரை மணி நேரம் ஓடவிட்டு, முழு வெள்ளைப் படம் ஒன்றும் முழுக் கறுப்புப் படம் ஒன்றும் போட்டுப் பாருங்கள். நிழல், கோடு, சிவப்புப் புள்ளிகள் எல்லாம் அதில் தெரிந்துவிடும். சுத்தமாக இருந்தால் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், நிற்கவைத்து.